வெறுங்கையோடு போகாத வாப்பா

அத்தியாயம் 11

அன்று காலை வாப்பா கடைக்குப் போக அவசரப்படவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிவைத்திருந்த கேள்விகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சுத்தான். பாடசாலை உளவளத்துணையில், அதாவது பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வதில், பட்டப்பின் கற்கை. தமிழ் மொழிமூலத்துக்கு இடங்கள் கொஞ்சம். இம்முறை கிடைக்காவிட்டால் அடுத்த அனுமதி இரண்டு வருடம் கழித்துத்தான். உம்மா தொடக்கத்திலேயே என் பக்கம் வந்துவிட்டார். வாப்பா, "படிக்கிறது நல்லம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் வாய் திறக்காமலே இருந்தார்.

பன்விலயில் நான் படிப்பிக்கும் தோட்டப்புறப் பாடசாலையில், முன்பு விளையாட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறையைத் துப்புரவாக்கி, 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டி, அதன் சாவியை அதிபர் என்னிடம் கொடுத்தார். ஆசிரியைகளில் இளையவள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். அழுவார்கள். "அழாத" என்பேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த விண்ணப்பம்.

"மகள்," என்றார் வாப்பா. "ஒண்டுக்கும் பயப்படத் தேவயில்ல. நான் மேடத்தக் கண்டு பேசிட்டேன்."

"எந்த மேடத்த?"

"பாலாம்பிகை மேடம். இங்க மேல ரெண்டாவது வளைவுலதானே அவங்கட ஊடு. நேத்து மஃரிபுக்குப் பொறகு போனேன்."

பாலாம்பிகை மேடம் அந்தக் கற்கையின் இணைப்பாளர். நேர்முகக் குழுவின் மூன்று பேரில் ஒருவர். குழுவில் தமிழ் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மேலே குடியிருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். அதனாலேயே இரண்டு வாரமாக அவர் நடந்து வரும் நேரத்தில் நான் வாசல் பக்கம் போகாமல் இருந்தேன்.

"என்ன பேசினீங்க வாப்பா?"

"கிளாஸ் எத்தின மணிக்கி முடியும், அதுக்குப் பொறகு இந்தப் பக்கம் பஸ் ஈக்கா, அதத்தான் கேட்டேன். பொறகு..."

"பொறகு?"

"எங்கட புள்ள கொஞ்சம் பயந்த புள்ள, மெல்லமாக் கேட்டீங்கன்டா நல்லாப் பதில் செல்லும் என்டேன். அதுல என்ன பிழ?"

நான் அட்டைகளை மேசையில் வைத்தேன்.

"தொதல் குடுத்ததயும் செல்லுங்களே," என்றார் உம்மா அடுப்படியிலிருந்து. "நல்ல மனிசி. உள்ளுக்குக் கூப்பிட்டு இருக்கச் சென்னாங்களாம்."

சனிக்கிழமை முழுக்க உம்மா அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துத் தொதல் கிண்டினார். கொழும்பிலிருக்கும் சாச்சிக்கு என்று நினைத்து, நானும் என் பங்குக்கு நின்று துடுப்பைப் பிடித்தேன். கை இன்னும் வலித்தது.

"பரீட்ச வைக்கிறவங்களுக்கு நாங்க சாமான் குடுக்கிறதா வாப்பா?"

"சாமானா? தொதல்தானே. ஒரு ஊட்டுக்குப் போறப்போ வெறுங்கையோடயா போற?"

அவரைப் பொறுத்தவரை அது கேள்வியே இல்லை. மரணம் நடந்த மையத்து வீட்டுக்குச் சீனியும் தேயிலையும், ஆஸ்பத்திரிக்கு மோல்ட் பால்மா, புதுக் குடித்தனத்துக்குப் பாய். பல் பிடுங்கப் போன டாக்டருக்கும் ஒரு பை ரம்புட்டான் கொண்டுபோனவர். டாக்டர் சிரித்தார் என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

"அது லஞ்சம் மாதிரி ஆகிடும் வாப்பா."

வாப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். அந்தச் சொல் அவருக்குப் பட்டுவிட்டது என்று தெரிந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

"இடம் தாங்க என்டு நான் கேக்கல்ல," என்றார் மெதுவாக.

"தெரியும். ஆனா நான் போய் மேடத்துட்ட செல்லணும். எனக்குத் தெரியாம நடந்தது என்டு."

"செல்லாத. செல்லப் போனாத்தான் பெரிசாகும். தொதல் தின்டு முடிஞ்சா எல்லாம் முடிஞ்சி."

குடையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நான்தான் போகச் சென்னேன் மகள்," என்றார். "ராவு ராவா அந்த அட்டயப் பாத்துப் பாத்து நீ மெலிஞ்சி போற. அவருக்கும் தாங்கல்ல."

இரண்டு பேரையும் கோபித்துக்கொள்ள முடியாமல் போவதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

*

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிரஞ்சனி காத்திருந்தாள். மாலை ஆங்கில வகுப்பில் என் பக்கத்துக் கதிரைக்காரி. டவுனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். இந்தக் கற்கைக்கு விளம்பரம் வந்ததை முதலில் கண்டு, எனக்குப் படம் எடுத்து அனுப்பியதே அவள்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். இருக்கிற கொஞ்ச இடத்தில் ஒன்றுக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் போட்டி என்பதை இரண்டு பேருமே சொல்லிக்கொள்வதில்லை.

"என்னா, தூங்கவே இல்லியா?" என்றாள். "மூஞ்சி அந்த அபாயா கலர்லயே இருக்கு."

"தூங்கினேன்."

"பொய். சரி வா, பேராதனை பஸ் வருது."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குத் தந்துவிட்டு அவள் பேசிக்கொண்டே வந்தாள். காலையில் அவளுடைய அம்மா கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாராம். மாநகர சபை நூலகத்தில் வேலை. தேங்காய் சரி பாதியாக உடைந்ததா என்று போனில் கேட்டதற்கு, "நீ பரீட்சையப் பாரு, தேங்காய நான் பாத்துக்கிறேன்" என்றாராம்.

இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நினைத்தேன். ஆஸ்பத்திரிச் சந்தியில் ஆட்கள் இறங்கி இடம் கிடைத்தது, அப்போதும் சொல்லவில்லை. மேடத்திடம் சொல்லிவிட்டால் போதும், அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமாக இருந்ததா, வசதியாக இருந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கெட்டம்பையில் இறங்கினோம்.

*

கற்கை நிலையத்தின் மேல்மாடியில் விண்ணப்பதாரிகளுக்கென்று நீளமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். என் முறை இரண்டாவது. நிரஞ்சனிக்கு எனக்குப் பிறகு மூன்று பேர் தள்ளி. அவள் கதிரையில் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனதும், நான் எழுந்து பாலாம்பிகை மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

"வாரும் றிப்தா," என்றார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இரும்."

நான் உட்காரவில்லை. பஸ்ஸில் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவது காணாமல் போயிருந்தது. அதனால் இரண்டாவதிலிருந்து தொடங்கினேன்.

"எனக்குத் தெரியாது மேடம். காலையிலதான் வாப்பா செல்லித் தெரியும். வாப்பா அப்படித்தான். எங்க போனாலும் என்னத்தயாவது கொண்டுதான் போவார்."

"விளங்குது."

"எனக்கு அதால இடம் வேணாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"அவர் இடம் கேக்கேல்லை. கதிரையின்ர நுனியில இருந்துகொண்டு பஸ்ஸைப் பற்றித்தான் கேட்டவர். பொதியை நான் வேண்டாமெண்டு சொன்னனான். அவர் மேசையில வச்சிட்டு, சலாம் சொல்லிப்போட்டுப் போயிட்டார். வயசான மனுசனை ரோட்டில கலைச்சுக்கொண்டு போகேலுமே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினேன்.

"ஆனா விண்ணப்பதாரியின்ர வீட்டுக்காரர் என்ர வீட்டை வந்திட்டுப் போனவர். அதைக் காலமையே குழுத் தலைவரிட்டச் சொல்லிப்போட்டன். உம்மட நேர்முகத்தில நான் இருக்கேலாது."

"அப்ப என்னை யாரு கேப்பாங்க?"

"மற்ற ரெண்டு பேரும். அவையளுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்திலயோ இங்கிலிசிலயோதான் கேப்பினம்."

நான் அட்டைகளில் எழுதிப் பாடமாக்கியதெல்லாம் தமிழில்.

"வேறொரு நாள் கேட்டும் பார்க்கலாம்," என்றார் மேடம். "எப்ப வைப்பினம், வைப்பினமோ எண்டு நான் சொல்லேலாது. ஆறுதலா யோசிச்சுச் சொல்லும். எண்டாலும் ரெண்டாவது ஆள் நீர்தான்."

அலுமாரியைத் திறந்து ஒரு பொதியை எடுத்தார். உம்மா கட்டிய முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

"இதையும் கொண்டு போம். நல்ல வாசம். காலமை முழுக்க எனக்கு வேலை செய்யேலாமக் கிடந்தது."

பொதியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். யோசிக்கும்போது நான் எப்போதும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்பவள். அன்றைக்கு எழுத நேரமில்லை. சிங்களம் பஸ்ஸிலும் வலயக் கல்விக் காரியாலயத்திலும் பேசிப் பழகியது. சாமான் வாங்கலாம், வழி கேட்கலாம், கடிதம் வந்ததா என்று விசாரிக்கலாம். ஒரு பிள்ளையின் மனசைப் பற்றி அந்த மொழியில் நான் ஒருநாளும் பேசியதில்லை. ஆங்கிலமோ வகுப்பில் பந்திகளுக்குள் பத்திரமாக இருந்தது. வாயால் வெளியே வந்ததில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று கதிரைகள். நடுக்கதிரை காலியாக இருந்தது. ஒரு பக்கம் தலை நரைத்த பேராசிரியர், மறுபக்கம் பச்சைச் சேலை உடுத்திய ஒரு பெண். இன்றைக்கா, வேறு நாளா என்று பேராசிரியர் சிங்களத்தில் கேட்டார்.

"அத," என்றேன். இன்றைக்கு என்பதற்கு அதைவிடச் சின்னச் சொல் அந்த மொழியில் இல்லை. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பச்சைச் சேலைக்காரர் ஆங்கிலத்தில் கோட்பாடுகளைப் பற்றிக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். அட்டையில் எந்த மூலையில் இருந்தது என்பதும் தெரியும். வாயில் வந்ததென்னவோ வினைச்சொல் இல்லாத பாதி வாக்கியங்கள். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கண்டு எனக்கு இன்னும் பயம் வந்தது.

பிறகு பேராசிரியர் தன் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார்.

"இப்போது நான் ஒரு தகப்பன்," என்றார் சிங்களத்தில். "என் மகள் உங்களுடைய ஆலோசனை அறைக்கு வந்து போகிறாள் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் என்ன சொன்னாள்? எனக்குத் தெரிய வேண்டும்."

"இருங்கள்," என்றேன்.

"இருந்துகொண்டுதான் கேட்கிறேன். என்ன சொன்னாள்?"

"அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

"அவளிடம் ஏன் கேட்க வேண்டும்? நான் அவளைப் பெற்றவன். நல்லதுக்குத்தானே கேட்கிறேன்."

அவர் நன்றாகத்தான் நடித்தார். ஆனால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, பொதியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நேரம் கேட்கிற ஒருவரைத்தான் கண்டேன். அவரிடம் கடுமையாகப் பேச எனக்கு வரவில்லை. விட்டுக்கொடுக்கவும் வரவில்லை.

"நீங்கள் வந்தது நல்லது," என்றேன். சிங்களச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "அவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் இந்த அறைக்கு அவள் தனியாக நடந்து வந்தாள். யாரும் கூட்டி வரவில்லை. நான் அவளிடம் கேட்கிறேன். அவள் சரி என்றால் மூன்று பேரும் இருந்து பேசலாம்."

"அவள் வேண்டாம் என்றால்?"

"அப்போது நான் உங்களோடு பேசுகிறேன். உங்களைப் பற்றி. உங்களுக்கு என்ன பயம் என்று."

பேராசிரியர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எதையோ எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். நல்லதுக்கும் அவ்வளவு எழுதலாம், கூடாததுக்கும் எழுதலாம்.

வெளியே வந்த பிறகுதான், 'பயம்' என்பதற்கு நான் சொன்ன சொல் 'வெட்கம்' என்று நினைவு வந்தது.

*

நிரஞ்சனி வெளியே வந்தபோது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் இஞ்சிப் பிளேன்டீ வாங்கித் தந்தாள்.

"மேடம் நல்லாக் கேட்டாங்க. நான் தடுமாறுறப்ப, தமிழ்லயே சொல்லும்னு சொல்லி, அந்த ரெண்டு பேருக்கும் அவங்களே சிங்களத்துல சொன்னாங்க. ஒனக்கும் அப்படித்தானே?"

நான் பிளேன்டீயை ஊதினேன்.

"என்னா அந்தப் பார்சல்?" என்றாள். பை பாதி திறந்திருந்தது. "வரும்போது இல்லியே. உள்ளாற ஏதும் பரிசு குடுத்தாங்களா?"

இனி வேறு வழி இருக்கவில்லை. சொன்னேன். காலையிலிருந்து நடந்ததை, நடந்த வரிசையிலேயே சொன்னேன். பஸ்ஸில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று சிரித்தாள். தேநீர் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள்.

"எங்கம்மா பாவம், பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சிட்டு இருக்காங்க. ஒங்க வாப்பா நேரா மேடத்துக்கே ஒடச்சிட்டாரே."

"சிரிக்காத."

"சரி, எடு அத. சாட்சிய அழிச்சிருவோம்."

கடைக்காரரிடம் கத்தி வாங்கி அவளே வெட்டினாள். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றாள்.

"ஒங்க உம்மாட்ட சொல்லு, இதுக்கு நான்னா இடம் குடுத்துருவேன்னு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று முதல்தடவையாக. ஆனால் இரண்டாவது துண்டை எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இரு. அப்ப ஒனக்கு மேடம் இருக்கலியா? தமிழ்ல கேக்கவே இல்லியா?"

"இல்ல."

"எனக்கு மூணு பேரு, தமிழ்ல. ஒனக்கு ரெண்டு பேரு, சிங்களத்துல."

"ஓ. அது எங்கட ஊட்டாக்கள் செய்த வேலதானே. ஒன்ட பிழ இல்ல."

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டாள். கட்டுக்கலையில் இறங்கும்போது "போறேன்" என்று மட்டும் சொன்னாள். கோபமா, யோசனையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆட்களின் முகத்தைப் படிக்கிற படிப்புக்கு விண்ணப்பித்தவள் நான்.

*

வாப்பாவின் கடை கொழும்பு வீதியிலிருந்து பிரிகிற சந்துக்குள். குடைகளும் பள்ளிக்கூடப் பைகளும். நான் போனபோது மழை தூறத் தொடங்கியிருந்ததால் சனம் கொஞ்சம் இருந்தது. ஒரு பெண்ணுக்கு அவர் குடையை விரித்துக் காட்டி, மடக்கி, மறுபடி விரித்துக் காட்டினார். வாங்காமல் போகிறவருக்கும் அப்படித்தான் காட்டுவார்.

சனம் குறைந்ததும் பொதியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எடுக்கல்லியா?" என்றார்.

"இல்ல."

"குறஞ்சி ஈக்கே."

"நிரஞ்சனியும் நானும் சாப்பிட்டோம்."

வாப்பா முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். மேடம் கோபிக்கவில்லை என்பதை முதலில் சொன்னேன். காலியாக இருந்த நடுக்கதிரையைக் கடைசியில் சொன்னேன். அதைச் சொல்லாமல் விடலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். விட்டால், அடுத்த தடவை வேறொரு வீட்டுக்கு வேறொரு பொதி போகும்.

அவர் கடையில் தொங்கிக்கொண்டிருந்த பைகளை ஒவ்வொன்றாக நேராக்கினார். அவை நேராகத்தான் இருந்தன.

"அப்ப நான் போனதாலதான் ஒனக்குத் தமிழ்ல கேக்காமப் போன."

"ஓ வாப்பா."

"இடம் போயிட்டா?"

"தெரியா. ஒரு மாசத்துல செல்லுவாங்களாம்."

"நான் இன்னொருக்காப் போய் மேடத்துட்ட மாப்புக் கேக்கவா?"

"வேணாம் வாப்பா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடையில் அவர் உட்காருவதை நான் அதிகம் கண்டதில்லை.

"சின்ன வயசுல ஒன்ன ஸ்கூல்ல சேக்கவும் இப்படித்தான் போனேன்," என்றார். "அப்ப நீ ஒண்டும் செல்லல்ல."

அவர் அழவில்லை; அழுதிருந்தால், "அழாத" என்றாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது போன் அடித்தது. நிரஞ்சனி.

"றிப்தா, கோவிச்சுக்காத. மேடத்துக்கு ஒரு மெயில் அனுப்பிட்டேன்."

"என்ன மெயில்?"

"ஒன்ன ரெண்டு பேர் கேட்டாங்க, என்னைய மூணு பேர் கேட்டாங்க. ஒரே இடத்துக்கு ரெண்டு விதமாக் கேட்டா எப்படி? என்னையும் அந்த ரெண்டு பேரே திரும்பக் கேக்கட்டும்னு எழுதிட்டேன். இல்லாட்டி ஒன்னையத் தமிழ்ல கேக்கட்டும்னு. ஒன் பேரையும் போட்டுத்தான் எழுதுனேன்."

எனக்கு நன்றி சொல்லத்தான் வந்தது. அவள் தன் கையிலிருந்த நல்ல நேர்முகத்தையே எடுத்துத் தூர வைத்திருக்கிறாள். அந்த நன்றிக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. மேடம் அதை எப்படி வாசிப்பார்? நான் சொல்லி அவள் எழுதியதாக நினைத்தால்? இப்போது எங்கள் இரண்டு பேருடைய பெயரும் ஒரே மெயிலில், ஒரே முறைப்பாட்டில். இரண்டு பேருக்கும் கிடைக்கலாம். இரண்டு பேருக்கும் இல்லாமலும் போகலாம். நேற்று மாலையிலிருந்து, எனக்காக, என்னைக் கேட்காமல், பாலாம்பிகை மேடத்திடம் போன இரண்டாவது ஆள் இவள்.

"நிரஞ்சனி," என்றேன். "நீ நல்லதுக்குத்தான் செய்த. எனக்குத் தெரியும். ஆனா என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ட விசயம் இல்லியா இது," என்றேன். "நான் வேணாம் என்டு செல்லியிருக்கமாட்டேன். சில நேரம் சேர்ந்தே எழுதியிருப்போம். ஆனா கேட்டிருக்கணும்."

"சரி," என்றாள் அவள். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. போன் வைக்கப்பட்டது.

நான் நிமிர்ந்தபோது வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுத்துக்கொண்டு எழுந்து போய், வெளியே தொங்கிய குடைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். கல்லாவைப் பூட்டினார். பொதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்தப் பாதி இருட்டில் நின்று திரும்பினார்.

அம்பிட்டிய பஸ் எத்தனை மணிக்கு என்பது அவருக்குப் பாடம். முப்பது வருடமாக அதில்தான் போகிறார். என்னையும் அதில்தான் கூட்டிப் போவார்.

"மகள்," என்றார். "பஸ்ஸிலயா போற, த்ரீவீல்லயா?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஷட்டரைப் பிடித்தபடியே நின்றார்.